நான் இல்லாத வாக்கியம்

1

2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுது வந்து, சாப்பிட்டு, தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தேன். ஊருக்குள் மழை இல்லை. மேற்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. சாரல் காலத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் மலைமேல் கோடை மழை பெய்து, அருவிகளில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டு ஜனங்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். என் தங்கை மகனும் சிநேகிதர்களோடு பழைய குற்றாலம் போயிருந்தான்.

பிற்பகலில் அங்கே திடீர் வெள்ளம் வந்துவிட்டது. கைபேசியில் ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பிய காட்சியில் தண்ணீர் புரண்டு வருவதும் ஜனங்கள் படிகளில் விழுந்தடித்து ஓடுவதும் தெரிந்தன. தங்கை வந்து வாசலில் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவனே பேசினான். "மாமா, நான் நல்லா இருக்கேன். மேலே ஏறிட்டோம். உம்மாகிட்டச் சொல்லிருங்க."

நான் உடனே சொன்ன சொல், அல்ஹம்து லில்லாஹ். தங்கை சொன்னாள். வீட்டில் இருந்த எல்லோரும் சொன்னார்கள். அஸர் தொழுகைக்குப் போகிற வழியில்தான் தெரிந்தது, 17 வயதுப் பையன் ஒருவன் அதே வெள்ளத்தில் போய்விட்டான் என்பது.

எங்கள் பையன் பிழைத்தான் என்ற செய்திக்கும் இன்னொருவர் பையன் போய்விட்டான் என்ற செய்திக்கும் நடுவில் என்னுடைய அந்தச் சொல் கிடந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டிய சொல்தானா என்றும் தெரியவில்லை. அன்றிரவு சின்ன வயதில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த அசரத் சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. பின்னால் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்தேன். 1072-ல் மறைந்த குஷைரியின் 'ரிஸாலா'வில் இருக்கிறது.

ஸரீ அஸ்ஸகதீ பாக்தாதில் கடை வைத்திருந்தவர். ஜுனைதுக்குத் தாய்மாமன், குருவும் அவரே. ஒரு நாள் கடைத்தெரு தீப்பற்றிக்கொண்டது. எதிரே வந்த ஒருவன் அவரிடம், உங்கள் கடை தப்பிவிட்டது என்றான். ஸரீ, அல்ஹம்து லில்லாஹ் என்றார். பிற்காலத்தில் அவர் சொன்னாராம்: அந்த ஒரு அல்ஹம்துவுக்காக முப்பது வருஷமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மற்றவர்களுக்கு நேர்ந்ததில் எனக்கு மட்டும் நல்லதை விரும்பிவிட்டேன்.

சிறுவனாக இருந்தபோது இந்தக் கதை ஒரு மகானின் அதீதமாகத்தான் பட்டது. கடை எரியாததற்கு இறைவனைப் புகழ்ந்ததில் என்ன குற்றம்? புகழ்ந்ததற்காகப் புகழப்பட்டவனிடமே மன்னிப்புக் கேட்பது தர்க்கத்துக்கு ஒத்துவரவில்லை. இப்போது, தாய்மாமன் ஸ்தானத்தில் நின்று அதே சொல்லைச் சொல்லிவிட்ட பிறகு, ஸரீ எந்த இடத்தில் தவறினார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது அரபு இலக்கணத்தில் கொண்டுபோய் விட்டது.

2

நாங்கள் இந்தச் சொல்லை யோசிக்காமல் சொல்லுகிறோம். தென்காசியில் எந்தப் பள்ளிவாசல் தெருவிலும் நின்று ஒருவரிடம் சுகமா என்று கேட்டால் பதில் இதுதான். சாப்பிட்டு எழுந்தால் இது. தும்மினால் இது, தும்மியவன் புகழ, கேட்டவன் 'யர்ஹமுகல்லாஹ்' என்கிறான், இறைவன் உனக்கு இரங்கட்டும் என்று. தொழுகைக்குப் பின் விரல் மடக்கி 33 தடவை. தெருவில் ஹமீது என்றோ அஹமது என்றோ மஹ்மூது என்றோ முஹம்மது என்றோ கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாப் பெயரும் ஹ-ம-த என்ற மூன்று மெய்களின் மேல் கட்டியவை. புகழைப் பெயராக வைத்துக்கொண்டு நடமாடுகிற சமூகம், அந்தச் சொல்லின் எடையை மறந்துபோவதில் ஆச்சரியமில்லை.

அரபு உரையாசிரியர்கள் மறக்கவில்லை. மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்: மத்ஹ், ஷுக்ர், ஹம்து. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பக்ருத்தீன் ராஸி தம்முடைய பெரிய குர்ஆன் விரிவுரையில் செய்கிற பாகுபாடு இது. மத்ஹ் என்ற பாராட்டை உயிருள்ளதற்கும் சொல்லலாம், உயிரில்லாததற்கும் சொல்லலாம். நல்ல முத்தையோ மாணிக்கத்தையோ பார்த்து ஒருவன் மத்ஹ் சொல்லுவான், ஹம்து சொல்லமாட்டான். முத்து தன் இஷ்டத்தால் அழகாக இருக்கவில்லை. தன் சித்தத்தால் ஒரு நன்மையைச் செய்கிறவனுக்கே ஹம்து. ஷுக்ர் என்பது நன்றி. எனக்குக் கிடைத்த உபகாரத்துக்கு நான் செலுத்துவது. ஹம்துவுக்கு அந்த எல்லை கிடையாது. நன்மை எனக்கு வந்தாலும் சரி, எவனோ ஒருவனுக்கு வந்தாலும் சரி, அது செய்தவனைப் பற்றிய பேச்சு.

அடுத்தது வாக்கியம். 'நான் இறைவனைப் புகழ்கிறேன்' என்று அரபில் ஒரே வினையில் சொல்லிவிடலாம். 'அஹ்மது' என்ற தன்மை வினைமுற்று அதற்குப் போதும். ஆனால் குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் வந்து, எங்கள் நாக்கில் படிந்திருப்பது வினையே இல்லாத பெயர் வாக்கியம். 'அல்' என்ற சுட்டு, 'ஹம்து' என்ற பெயர், 'லி' என்ற உரிமை வேற்றுமை, பிறகு இறைவனின் பெயர். ஹம்து இறைவனுக்கு உரியது. அவ்வளவுதான். காலம் இல்லை, புகழ்கிறவன் இல்லை. 1144-ல் மறைந்த ஸமக்ஷரீ தம் 'கஷ்ஷாஃப்' உரையில், வினையை எதிர்பார்த்து நிற்கும் வேற்றுமையை விட்டு எழுவாய் வேற்றுமையில் இந்தச் சொல்லை நிறுத்தியது, பொருளுக்கு நிலைபேறு தருவதற்காக என்கிறார். வினை நடந்து முடிந்துபோகும், பெயர் இருக்கும்.

ராஸி இன்னும் ஒரு படி போகிறார். எனக்கு மிகவும் உபயோகமாக இருந்த இடம் அது. மனம் வேறெங்கோ இருக்கும்போது ஒருவன் 'நான் புகழ்கிறேன்' என்று சொன்னால் பொய் சொன்னவனாகிறான். அவன் புகழவில்லை, வாய் அசைத்தான். 'புகழ் இறைவனுக்குரியது' என்றால் அவன் மனம் எங்கே இருந்தாலும் வாக்கியம் உண்மை. சொல்கிறவனுடைய தகுதியிலிருந்து வாக்கியத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது இலக்கணம். எந்தப் படைப்பும் வாய் திறப்பதற்கு முன்னாலும் அது உண்மையாகவே இருந்தது. 'அல்-ஹமீத்' என்ற இறைநாமத்தை விளக்கும்போது கஸ்ஸாலியும் இதைத்தான் சொல்லுகிறார்: இறைவன் அநாதியில் தன்னையே புகழ்ந்ததால் புகழப்பட்டவன், அடியார்கள் புகழ்வது பின்னால் வந்தது. என்னால் உன் புகழை எண்ணி முடிக்க இயலாது, நீ உன்னைப் புகழ்ந்துகொண்டபடியே இருக்கிறாய் என்ற கருத்தில் நபிகளின் பிரார்த்தனை ஒன்றும் உண்டு. மனிதப் புகழ் இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் தாமதமாக வந்து சேர்ந்துகொள்வதுதான்.

இப்போது ஸரீயின் குற்றம் புலப்படத் தொடங்குகிறது. அவர் உச்சரித்தது ஹம்து. உத்தேசித்தது ஷுக்ர். அதுவும் எப்படிப்பட்ட ஷுக்ர்? தன் கடை என்ற ஒரு பலகைக்குள் அடங்கியது. 'நான்' இல்லாத வாக்கியத்துக்குள் 'என் கடை'யைத் திணித்துவிட்டார். உலகத்துக்கெல்லாம் பொதுவாக நின்ற சொல்லை, எரிகிற தெருவில் தன் கடைக்கு மட்டும் கதவாகப் போட்டுக்கொண்டார்.

நான் செய்ததும் அதேதான். எனக்கு ஒரு சாக்கு உண்டு. ஸரீக்குத் தெரு எரிவது தெரியும், அந்தப் பையன் செத்தது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் வெள்ளம் வந்தது தெரியும். அத்தனை பேர் ஓடியதைக் கண்ணால் பார்த்திருந்தேன். அவர்களில் யார் வீட்டுக் கைபேசி இன்னும் அடிக்கவில்லை என்று ஒரு கணம் நான் நினைக்கவில்லை.

3

இந்தத் திணிப்புக்குத் தமிழும் கொஞ்சம் உதவி செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அல்ஹம்து லில்லாஹ் தமிழில் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று நிலைபெற்றுவிட்டது. கடைப் பலகைகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் அதைப் பார்க்கிறோம். 2009 பிப்ரவரியில் ஏ. ஆர். ரஹ்மான் ஆஸ்கர் மேடையில் இதைச் சொன்ன பிறகு முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் அது பழகிய வாக்கியமாகிவிட்டது.

மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது கெட்டிக்காரத்தனமானது. தமிழில் 'அல்' போன்ற சுட்டு இல்லை. அரபு உரைகாரர்களுக்குள் இந்த 'அல்' எதைக் குறிக்கிறது என்பதில் விவாதம் உண்டு. ஹம்து என்ற இனத்தைப் பொதுவாகக் குறிக்கிறது என்பது ஒரு கட்சி, ஸமக்ஷரீ அந்தப் பக்கம். ஹம்து என்று எதெல்லாம் உண்டோ அத்தனையையும் வளைத்துக்கொள்கிறது என்பது மற்றொரு கட்சி. 'எல்லா' என்று போட்ட தமிழன் இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிட்டான். 'லி'யின் உரிமைப் பொருளைக் கடைசி ஏகாரத்தில் வைத்தான். தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் தேற்றமும் உண்டு, பிரிநிலையும் உண்டு. இந்த 'ஏ' இரண்டையும் செய்கிறது. உறுதியாக இறைவனுக்கு, பிறரிலிருந்து பிரித்து இறைவனுக்கு.

சிக்கல் 'புகழ்' என்ற சொல்லில். தமிழில் புகழ் என்றால் புகழ்கிற காரியமும் உண்டு, ஒருவனிடம் போய்ச் சேர்கிற கீர்த்தியும் உண்டு. குறளில் புகழுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே அது மனிதன் ஈட்டி விட்டுப்போக வேண்டிய சொத்து. அதனால் மேடையில் ஒரு பெரிய கலைஞன் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்றால், தன்னிடம் வந்த கீர்த்தியை அடக்கத்தோடு மேலே அனுப்புகிறான் என்று தமிழ்க் காது கேட்கிறது. அழகான அர்த்தம்தான். ஆனால் கைமாற்றுவதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். அரபு வாக்கியத்தில் ஹம்து ஒருபோதும் நம் கைக்கு வரவே இல்லை. எனக்கு ஒன்று கிடைத்தது, அதை அவன் கணக்கில் எழுதுகிறேன் என்ற தமிழ் அர்த்தம் என் மனசில் ஊறியிருந்ததால்தான், மருமகன் கிடைத்ததும் அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக வந்தது.

'வாழ்த்து' இன்னும் விசித்திரம். உமறுப் புலவர் சீறாப்புராணத்தைக் கடவுள் வாழ்த்துப் படலத்தில்தான் தொடங்குகிறார். தமிழ் மரபில் அதுதான் வழி. வாழ்த்து என்றால் வாழச் செய்தல். பெரியவர் சிறியவரை வாழ்த்துவார்கள். என்றும் இருப்பவனை நாம் வாழச் செய்வது எப்படி? மரபில் அந்தச் சொல்லின் வேர் மரத்துப்போய்விட்டது, அதனால் தப்பித்தோம்.

இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. ஹம்து என்பதற்கு நெருங்கி வருகிற ஒரு தமிழ்ச் சொல்லைத் தன் நூலுக்குத் தலைப்பாக வைத்தவர் தென்காசியில் பிறந்தவர். பீர் முஹம்மது அப்பா, 17ஆம் நூற்றாண்டு, நெசவு அவர் தொழில் என்பார்கள், தக்கலையில் அடங்கியிருக்கிறார். அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை ரஜப் மாதத்து ஆண்டுவிழாவில் தக்கலையில் இரவு முழுதும் பாடுகிறார்கள். சித்தர் மரபின் சொற்களும் சூஃபிகளின் கலைச்சொற்களும் அதில் கூச்சமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எனக்குத் தலைப்பே போதும். அவர் 'புகழ்' என்று வைக்கவில்லை, 'புகழ்ச்சி' என்று வைத்தார். புகழைச் சேமிக்கலாம், புகழ்ச்சியைச் சேமிக்க முடியாது. அது நடந்துகொண்டிருக்க வேண்டியது, தறி ஓடுவதுபோல. அதன் முன்னால் ஞானம் என்ற அடைவேறு. புகழ்வது என்பது ஒன்றைக் கண்டுகொள்வது, அறிதல். முகஸ்துதிக்கு ஞானம் வேண்டியதில்லை.

அவர் 'ஞானரத்தினக் குறவஞ்சி'யும் பாடியிருக்கிறார். நான்கைந்து மைல் தள்ளிக் குற்றாலத்துக்குக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பின்னால் வந்தவர். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். பாட்டுக்கு நிலம் கொடுத்தது நல்ல காரியம். இப்போது பாட்டுக்கு யார் நிலம் கொடுக்கிறார்கள்? ஆனால் தமிழில் புகழ்ச்சியும் பரிசிலும் ஒரே வீட்டில் குடியிருந்தவை என்பதற்கு இது அடையாளம். பாடாண் திணையில் தலைவனுக்கும் இடமுண்டு, தெய்வத்துக்கும் இடமுண்டு. அரபிலும் அரசர்களைப் பாடிப் பரிசு பெற்ற கவிஞர்கள் ஏராளம். அந்தக் கவிதை வகைக்கு மதீஹ் என்று பெயர், மத்ஹ் என்பதன் உடன்பிறப்பு. முகத்துக்கு நேரே புகழ்கிறவர்களைக் கண்டால் அவர்கள் முகத்தில் மண்ணை வீசுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியில் வருகிற சொல்லும் மத்ஹிலிருந்து வந்ததுதான். நம்முடைய பாராட்டு விழாக்களையும் முன்னுரைகளையும் நினைத்தால் மண் போதாது என்று படுகிறது.

குற்றாலத்தில் கடைசிக் காலத்தைக் கழித்து 1954-ல் மறைந்த டி. கே. சி.யைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவரைப் பற்றி விமர்சகர்களிடையே இருக்கும் புகார், அவர் ரசித்தார், ஆராயவில்லை என்பது. கம்பனில் தமக்குப் பிடிக்காத பாட்டையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ளியதை நானும் ஒப்பவில்லை. ஆனால் ஒன்று: அவர் புகழ்ந்தது பரிசிலுக்காக இல்லை. கவிதை தமக்கு என்ன செய்தது என்பதைவிடக் கவிதை எப்படி இருக்கிறது என்பதில் அவருக்குக் கண் இருந்தது. மத்ஹ் என்ற படியிலேயே ஒருவன் தன்னை மறந்து புகழ முடியும் என்பதற்கு அவர் சாட்சி. விமர்சனத்திலும் 'நான்' இல்லாத வாக்கியம் சாத்தியம். கஷ்டம் என்பது வேறு விஷயம்.

4

இதுவரை சொன்னது சொல்லைப் பற்றியது. சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா?

ராஸியின் மாணிக்கம் இருந்த இடத்தில் அருவியை வைத்துப் பார்க்கிறேன். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வந்து, மலை மூடி, பேரருவி விழும்போது எவனும் புகழாமல் இருக்கமாட்டான். அது மத்ஹ். அருவிக்குச் சித்தம் இல்லை. பள்ளத்தைக் கண்டால் விழுகிறது. விசுவாசி அதற்குப் பின்னால் ஒரு சித்தத்தைக் காண்கிறான், அங்கே ஹம்து தொடங்குகிறது. இடி அவனுடைய ஹம்துவைக்கொண்டே அவனைத் துதிக்கிறது என்ற கருத்து குர்ஆனில் இருக்கிறது. இருப்பவை யாவும் துதிக்கின்றன, அந்தத் துதி உங்களுக்கு விளங்காது என்றும் இருக்கிறது. குற்றால மலையில் இடி கேட்டு வளர்ந்தவனுக்கு இதை நம்புவது சிரமமில்லை.

ஆனால் சித்தம் உள்ளவனுக்கே ஹம்து என்று வைத்த உடனே கணக்கு இரு பக்கமும் போகிறது. ஜூலையில் விழுகிற சாரலுக்குச் சித்தம் உண்டென்றால் மே 17 பிற்பகலில் இறங்கி வந்த தண்ணீருக்கும் சித்தம் உண்டு. என் மருமகனைப் படியேற்றிய கையும், அந்தப் பையனைப் படியேற்றாத கையும் ஒன்றுதான். ஒன்றுக்கு ஹம்து சொல்லி மற்றொன்றுக்கு இயற்கைச் சீற்றம் என்று பெயர் வைப்பது நாணயமில்லை. அப்படியானால் இரண்டுக்கும் ஹம்து சொல்ல வேண்டும். அதற்கு என் நாக்கு எழவில்லை.

இந்த இடத்தில் பழையவர்கள் பிளந்துதான் போனார்கள். ஸமக்ஷரீ முஃதஸிலா கட்சி: இறைவன் நீதியே செய்வான், நன்மை தீமையை அறிவால் அறியலாம், குற்றமற்றவர் படும் வேதனைக்கு மறுமையில் ஈடு உண்டு. ராஸி அஷ்அரீ கட்சி: இறைவனை நம் அளவுகோலால் அளக்க முடியாது. அந்தக் கட்சியை நிறுவிய அபுல் ஹஸன் அஷ்அரீ தம் ஆசான் ஜுப்பாயியிடம் மூன்று சகோதரர்களைப் பற்றிக் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஒருவன் நல்லவனாகி இறந்தான்; ஒருவன் கெட்டவனாகி இறந்தான்; ஒருவன் சிறுவனாகவே இறந்தான். சிறுவன் இறைவனிடம், என்னை வாழவிட்டிருந்தால் நானும் என் அண்ணனைப்போல் மேல்நிலை அடைந்திருப்பேனே என்றால்? நீ வளர்ந்திருந்தால் பாவியாகியிருப்பாய், உன் நன்மைக்காகத்தான் முன்னாலேயே அழைத்தேன் என்பான் இறைவன், என்றார் ஆசான். அப்போது நரகத்திலிருந்து இரண்டாமவன், பின் என்னை ஏன் சிறுவயதில் அழைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால்? ஆசானுக்குப் பதில் இல்லை. சீடர் பிரிந்து போனார்.

கதை நடந்ததோ இல்லையோ, அதிலுள்ள கேள்வி நிஜம். செத்துப்போன ஒரு பையனுக்கு நாம் காரணம் கற்பிக்க ஆரம்பித்தால் அந்தக் காரணம் பிழைத்தவனையும் வந்து கடிக்கும். என் மருமகன் பிழைத்ததற்கு நான் ஏதாவது காரணம் வைத்தால், ஜும்மா தொழுத வீடு, உம்மாவின் துஆ என்று ஏதாவது, அடுத்த நிமிஷமே அந்த மற்ற வீட்டின் மேல் ஒரு குற்றப்பத்திரிகை எழுதியவனாகிறேன். ஸரீ தம் கடை தப்பியதை ஓர் அத்தாட்சியாக்கினார். முப்பது வருஷம் அதற்குத்தான்.

இன்னொரு நபிமொழியும் இங்கே நினைவுக்கு வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவன் அந்த நேரத்தில் என்ன சொன்னான் என்று இறைவன் வானவர்களிடம் கேட்கிறான். உன்னைப் புகழ்ந்தான், உன்னிடமே திரும்புவோம் என்றான், என்கிறார்கள். அவனுக்குச் சுவனத்தில் ஒரு வீடு கட்டுங்கள், அதற்கு 'பைத்துல் ஹம்து' என்று பெயரிடுங்கள் என்கிறான் இறைவன். புகழின் வீடு, ஹம்து இல்லம். கடை தப்பியவனுக்கு அந்த வீடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதுவும் மிஞ்சாத இடத்தில் சொல்லப்படும்போதுதான் அந்த வாக்கியம் முழுமையாக 'நான்' இல்லாததாகிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு அந்தத் தகப்பன் வீட்டு வாசலில் போய் நின்று, அல்ஹம்து லில்லாஹ் சொல்லுங்கள் என்று நான் சொன்னால் அது கொடுமை. சாவு வீட்டில் இந்தப் புத்திமதி சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் ஒரு சமயம் சொன்னார்கள், இன்னும் அந்த முகங்களை மறக்கவில்லை. 'சொல்' என்ற ஏவல் குர்ஆனில் ஹம்துவோடு வருகிறது என்பார்கள். வருகிறது. ஏவுகிறவன் இறைவன், பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. இந்த வாக்கியத்தில் நான் இல்லை என்றால் நீயும் இல்லை. பிறத்தியானின் துக்கத்தின் மேல் நின்று ஹம்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவனைச் சொல்ல வைக்கவும் இல்லை. அவனாகச் சொன்னால் அது அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் நடுவில் உள்ளது, சொல்லாவிட்டாலும் அப்படித்தான்.

ஆக, வெள்ளத்துக்கும் சாரலுக்கும் பின்னால் இருக்கிற ஒரே சித்தத்தை எப்படிப் புகழ்வது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்த வாக்கியம் என்னுடைய ஒப்புதலைக் கேட்கவில்லை. நான் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிற பத்திரம் அது இல்லை. என் மனம் எழாத நேரத்திலும் பொய்யாகாமல் இருக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள் என்ற ராஸியின் குறிப்பு, முன்பு ஒரு இலக்கண நுணுக்கமாகப் பட்டது. இப்போது அது ஒரு கருணையாகப் படுகிறது.

5

மருமகனிடம் ஒரு நாள் ஸரீயின் கதையைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நான் தப்பிச்சதுக்கு நீங்க சந்தோஷப்படக் கூடாதா மாமா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. ஸரீ தம் கடை எரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சந்தோஷம் குற்றம் இல்லை. அதற்கு ஷுக்ர் என்று தனிச் சொல்லே இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஷுக்ர் சொன்னால் வேறு ஒரு பொறுப்பு வந்துவிடும். நன்றி மனசால் உணர்வது, நாக்கால் சொல்வது, உறுப்புகளால் செய்வது என்ற மூன்றும் சேர்ந்தது என்கிறார் கஸ்ஸாலி. ஹுஜ்வீரி எழுதியிருக்கும் ஸரீயின் கதை கொஞ்சம் வேறு மாதிரி: சுற்றியிருந்த கடைகள் எரிந்து தம்முடையது மட்டும் நிற்பதைப் பார்த்ததும் உள்ளே இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அந்த வழியில் இறங்கிவிட்டார். இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்தால்தான் கணக்கு நேராகிறது. நாக்கு பிழை செய்தது, கை திருத்தியது. நான் ஷுக்ர் என்ற கடனிலிருந்து தப்பிக்கத்தான் ஹம்து என்ற பெரிய சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேனோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன். அந்தப் பையனின் வீடு எங்கே என்று விசாரித்துப் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியாதது ஒரு காரணம். என் வீட்டில் பையன் இருக்கிறான் என்பது இன்னொரு காரணம். இதை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதுவது உறுப்பால் செய்கிற காரியத்தில் சேருமா என்பதைக் கஸ்ஸாலியிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த ஆடியில் இருவருமாகக் குற்றாலம் போனோம். பேரருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது, குளிக்கத் தடை. போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற கூட்டம், எப்போது வடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர், என்ன அழகு, என்ன அழகு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மருமகன் தண்ணீரைப் பார்க்கவில்லை. கரையில் நின்ற சின்னப் பையன்களையே எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

திரும்பி வரும்போது ஈரக் காற்றில் தும்மல் வந்தது. பழக்கத்தில் அல்ஹம்து லில்லாஹ் என்றேன். பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவன், அதே பழக்கத்தில், யர்ஹமுகல்லாஹ் என்றான். இறைவன் உங்களுக்கு இரங்கட்டும் என்று. புகழ்கிறவனுக்கு ஏன் இரக்கத்தைப் பதிலாக வைத்தார்கள் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.